இங்கிலாந்தின் கிளீவ்லாந்து இரும்புக்கல் சுரங்கங்கள்: மேலே வீடு, கீழே விட்டுப்போன தூண்கள்

அஞ்சறைப்பெட்டி

வணக்கம். வடகிழக்கு இங்கிலாந்தில் ஸ்கெல்டன், ப்ராட்டன், லாஃப்டஸ், எஸ்டன் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். "இது நிலக்கரிப் பகுதி இல்லை, சுரங்க அறிக்கை தேவையில்லை" என்று சொலிசிட்டர் (வீட்டுப் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர்) சொல்கிறார். ஊர் முழுக்கவோ பழைய இரும்புக்கல் சுரங்கத்தின் அடையாளங்கள். நிலக்கரி அறிக்கை தேவையில்லை என்றால் கீழே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? எவ்வளவு ஆழத்தில் சுரங்கம் இருந்தால் கவலை இல்லை? ஆரஞ்சு நிறத்தில் ஓடும் ஓடைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பாறைச்சுவடு

முதல் கேள்விக்கு நேர் பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலக்கரிக்கான தேடல் அறிக்கை நிலக்கரியைத்தான் பார்க்கும். இரும்புக்கல்லுக்கு "நிலக்கரி அல்லாத சுரங்கத் தேடல்" என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சட்டத்திலும் இதே ஓட்டை. 1991-ஆம் ஆண்டின் சுரங்கச் சரிவுச் சட்டம் நிலக்கரிக்கு மட்டும். நிலக்கரிச் சுரங்கத்தால் சுவர் பிளந்தால் அரசு ஆணையம் பழுதுபார்க்கும், அல்லது ஈடு தரும். இரும்புக்கல் சுரங்கத்தால் பிளந்தால் அந்த வழி கிடையாது. வீட்டுக் காப்பீடுதான் கதி. அதிலும் சுரங்கச் சரிவை விலக்கியிருக்கிறார்களா என்று வரி வரியாகப் படியுங்கள்.

இனி பாறை. கிளீவ்லாந்து இரும்புக்கல் கீழ் ஜுராசிக் காலத்தில், ஆழமில்லாத கடலடியில் படிந்தது. மீன்முட்டை அளவில் நுண்ணிய உருண்டை மணிகள் சேர்ந்த கல். மணிகள் பெர்த்தியரின் என்ற பச்சைக் களிமக் கனிமம், அவற்றைப் பிணைத்திருப்பது சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட். ஒரு துண்டைச் சுத்தியலால் உடைத்தால் உள்முகம் பச்சை கலந்த சாம்பலாக இருக்கும், ஓரத்தில் மட்டும் விரற்கடை அகலத்துக்குத் துருப்பட்டை. அந்தப் பட்டையைக் கண்டு உள்ளேயும் துருநிறம் என்று நினைத்துவிட வேண்டாம். காற்றும் மழையும் தொட்ட இடம் மட்டுமே அப்படி. இரும்பு ஏறக்குறைய 30 சதவீதம்தான். ஆனாலும் எஸ்டன் குன்றில் அடுக்கு 4 முதல் 5 மீட்டர் வரை தடிமன் இருந்ததால் தோண்டுவது கட்டுப்படியானது.

ஜான் வாகனும் ஜான் மார்லியும் எஸ்டனில் முதன்மை அடுக்கைக் கண்டது 1850 ஜூனில். 1880-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து ஆண்டுக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டியது. கடைசிச் சுரங்கமான வடக்கு ஸ்கெல்டன் 1964 ஜனவரியில் மூடப்பட்டது. அதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது, 200 மீட்டரையும் தாண்டும். அடுக்கு ஒரு தட்டு போல வளைந்திருக்கிறது. ஸ்கெல்டன் பக்கம் நடுவில் ஆழம், கடற்கரை ஓரத்திலும் எஸ்டன் சரிவிலும் தரைக்கே வந்துவிடுகிறது. ஆகவே "கிளீவ்லாந்தில் ஆழம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. தெருவுக்குத் தெரு மாறும்.

தூக்குக்குண்டு

பாறைச்சுவடு சொன்னதன் மேல் கட்டுமானக் கணக்கை வைக்கிறேன்.

இங்கே அறையும் தூணுமாக வெட்டினார்கள். முதல் சுற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டித் தூண்களை விட்டுவிடுவார்கள். எல்லையைத் தொட்டதும், திரும்பி வரும்போது தூண்களையும் வெட்டி எடுப்பார்கள், கூரை பின்னாலேயே விழும். தூண் முழுதாக எடுபட்ட இடத்தில் மேல்நிலம் சில ஆண்டுகளிலேயே அமர்ந்து முடிந்துவிட்டது. இன்று அங்கே பெரிய அசைவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தூண் நிற்கும் இடம்தான் இன்னும் முடியாத கணக்கு. ஊர், தேவாலயம், ரயில் பாதை, ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் கிணறு) ஆகியவற்றின் அடியில் வேண்டுமென்றே தூண்களை விட்டார்கள். அதாவது வீடுகள் இருக்கும் இடத்தில்தான் தூண்களும் இருக்கின்றன.

எண்களில் பார்ப்போம். தூண் 27 மீட்டருக்கு 18 மீட்டர், பாதை அகலம் 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூணுக்குரிய பரப்பு 31.5 பெருக்கல் 22.5, அதாவது 709 சதுர மீட்டர். தூண் 486. எடுத்தது 31 சதவீதம். மேலே 60 மீட்டர் பாறை இருந்தால் எடை 1.5 மெகாபாஸ்கல். அதை மீதமுள்ள பரப்பு தாங்கும்போது தூணில் 2.2 ஆகும். இது ஒன்றும் பெரிதில்லை.

இப்போது நான்கு பக்கமும் 2 மீட்டர் செதுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். தூண் 23-க்கு 14. எடுத்தது 55 சதவீதம், தூணில் அழுத்தம் 3.3 மெகாபாஸ்கல். ஒன்றரை மடங்கு ஏற்றம். கூடவே தூணின் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதமும் குறைகிறது. 4.5 மீட்டர் உயர அடுக்கில் 4-லிருந்து 3.1-க்கு இறங்குகிறது. ஒல்லியான தூண் தாங்கும் வலுவே குறைவு. சுமை கூடுவதும் வலு குறைவதும் ஒன்றாக நடக்கும். வரைபடத்தில் தூண் முழு அளவில் இருக்கும், நிலத்தடியில் செதுக்கப்பட்டிருக்கும். வரைபடத்தை மட்டும் நம்பிக் கணக்கு போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடப்பாரை

ஆழக் கேள்விக்கு எளிய விதி இருக்கே. அடுக்குத் தடிமனைப் போல பத்து மடங்கு மேல்மூட்டம், அதாவது சுரங்கத்துக்கு மேலே உள்ள நிலம், இருந்தால் குழி மேலே வராது. 3 மீட்டர் அடுக்குக்கு 30 மீட்டர். அதுக்கு மேல் இருந்தால் நிம்மதியா வாங்கலாம்.

தூக்குக்குண்டு

கடப்பாரை, விதி சரி, ஆனால் அதை இப்படிச் சொன்னால் ஒருவர் வீட்டை இழப்பார். இரண்டு இடத்தில் தவறுகிறது.

ஒன்று, அந்த 30 மீட்டரும் பாறையாக இருக்க வேண்டும். கிளீவ்லாந்தில் பாறைக்கு மேலே பனியாறு விட்டுப்போன களிமண் பல இடங்களில் தடிமனாகக் கிடக்கிறது. ஒரு மனையில் 12 மீட்டர் களிமண், அதன் கீழ் 25 மீட்டர் ஷேல் (களிமண் இறுகிய பாறை), அதன் கீழ் சுரங்கம் என்று வையுங்கள். மொத்தம் 37, தேறிவிட்டது என்று தோன்றும். பாறை 25 மட்டுமே, தேறவில்லை. துளையிட்டுப் பார்க்க வேண்டிய மனை அது. பாறைக்குள் ஏறிவந்த வெற்றிடம் களிமண்ணைத் தொட்டுவிட்டால் களிமண் தானாகக் கொட்டத் தொடங்கும்.

இரண்டு, பத்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூரை உடைந்து விழும்போது கல் உதிர்ந்து பெருகும். 30 சதவீதம் பெருகினால் 3 மீட்டர் வெற்றிடம் 10 மீட்டர் ஏறியதும் தன் இடிபாட்டாலேயே நிரம்பி நின்றுவிடும். பத்து மடங்கு என்பதில் தாராளமான பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் சந்தியில் இடிபாடு நான்கு பக்கமும் சரிந்து ஓடும், குவியாது. சாய்வான அடுக்கில் கீழ்ப்பக்கம் உருளும். ஓடும் நீர் இருந்தால் ஷேல் சேறாகக் கரைந்து போய்விடும். இந்த மூன்றில் எது இருந்தாலும் கணக்கு நிற்காது. தரையில் திடீரென்று வாய் திறக்கும் கிணறு போன்ற குழிகள் பெரும்பாலும் சந்திகளுக்கு மேல்தான்.

இன்னொன்று. இந்த விதி கூரை இடிவதற்கு மட்டும். தூண் நசுங்கினால் ஆழம் காப்பாற்றாது, ஆழம் கூடக்கூடச் சுமையும் கூடும்.

கடப்பாரை

களிமண்ணைக் கழிக்கணும் என்பது என் பதிவில் விடுபட்டது. சரி, திருத்திக்கொள்கிறேன். ஷாஃப்டுகளுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மூடியது பெரும்பாலும் மரக்கட்டைகளை நடுவில் தளம் போலப் போட்டு மேலே கழிவைக் கொட்டித்தான். கட்டை உளுத்த அன்றைக்கு நிரப்பு இறங்கிடும். முறையான மூடி என்றால் களிமண்ணை அகற்றி, பாறைத்தலை (பாறை தொடங்கும் மட்டம்) வரை போய், ஷாஃப்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது அகலத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை. தரைமட்டத்தில் போட்ட மூடியில் அர்த்தம் இல்லை. சுற்றியுள்ள களிமண் உள்ளே வழிந்தால் மூடியும் சேர்ந்து போகும்.

நீரோட்டம்

ஆரஞ்சு ஓடைக்கு வருகிறேன்.

முதன்மை அடுக்குக்கு நேர் மேலே, எஸ்டன் பக்கம், "கந்தகப் பட்டை" என்று சுரங்கக்காரர்கள் அழைத்த மெல்லிய அடுக்கு இருக்கிறது. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நிறைந்தது. உலைக்கு ஆகாது என்று கூரையிலேயே விட்டார்கள். கூரை விழுந்ததும் அது நொறுங்கிக் காற்றுக்கும் ஈரத்துக்கும் வெளிப்பட்டது. பைரைட்டோடு ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் வரும். பம்பு ஓடிய நூறு ஆண்டுகளில் இவை சுவர்களில் உப்புப் பொருக்காகப் படிந்து காத்திருந்தன. பம்பு நின்றது, நீர் மெல்ல ஏறியது, எல்லா உப்பையும் ஒரே மூச்சில் கரைத்தது. முதலில் வெளிவரும் நீர் இதனால்தான் மிக மோசமாக இருக்கும். பிறகு இறங்கும், ஆனால் சீக்கிரம் இல்லை. நீர் ஏற எத்தனை ஆண்டு பிடித்ததோ அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் அந்த முதல் கழுவல் நீடிக்கும் என்பது பிரிட்டிஷ் சுரங்கங்களின் பதிவுகளிலிருந்து கண்ட அனுபவ விதி.

கிளீவ்லாந்தில் கடைசிப் பம்பு நின்ற சுமார் 35 ஆண்டுகள் கழித்து, 1999-இல் சால்ட்பர்ன் கில் ஓடையில் சுரங்க நீர் உடைத்து வெளிவந்தது. ஓடையும் அது சேரும் கடலோரமும் ஆரஞ்சாயின. 1999 டிசம்பர் 31-க்கு முன் கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து நீர் கசிய விட்டதற்காக உரிமையாளரை மாசுச் சட்டத்தில் பிடிக்க முடியாது. அதனால் சுத்திகரிப்பு பொதுப்பணத்தில் நடந்தது.

சுத்திகரிப்பின் அளவை ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். நொடிக்கு 20 லிட்டர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளைக்கு 17 கிலோவுக்கு மேல் இரும்பு. நாணல் சதுப்பு ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 10 கிராம் பிடிக்கும் என்று வடிவமைத்தால் 1,700 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கு முன் படிப்படியாக விழும் நீர்ப்படிக்கட்டு அவசியம், காற்று கலக்க. ஒரு படிக்கட்டு வரிசை லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்புக்கு மேல் துருவாக்க உதவாது. அதற்கு மேல் இருந்தால் குளம், மறுபடி படிக்கட்டு என்று திரும்பச் செய்ய வேண்டும். நீர் அமிலமாக இருந்தால் இவை எதுவும் போதாது, முதலில் சுண்ணாம்பு.

வீடு பார்க்கும்போது ஒரு சோதனை. தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் தெரிந்தால் குச்சியால் குத்துங்கள். கண்ணாடி போலச் சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றாகக் கூடும். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் அந்தப் படலமும் ஆரஞ்சுக் கூழும் இருந்தால் பழைய நீர்வழி ஏதோ பக்கத்தில் இருக்கிறது. அதைத் தோண்டித் திறக்காதீர்கள், அடைக்கவும் வேண்டாம். துருச்சேறு அடைத்த சுரங்க வாயின் பின்னால் 10 மீட்டர் நீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம்.

அஞ்சறைப்பெட்டி

நன்றி நீரோட்டம். ஒரு சந்தேகம். பிரான்ஸின் லொரேன் பகுதியில் இரும்புச் சுரங்கத்தால் ஊர்களே சரிந்தன என்கிறார்கள். அங்கே ஓடைகள் ஆரஞ்சாக ஓடுவதாகக் கேள்விப்பட்டதில்லை. கல்லில் வேறுபாடா?

மொசெல்கரை

கல்லிலும் வேறுபாடு, நீரிலும் வேறுபாடு. மினெட் என்று அழைக்கப்படும் லொரேனின் இரும்புக்கல் நடு ஜுராசிக்கின் தொடக்கத்தில் படிந்தது, கிளீவ்லாந்தைவிட இளையது. அதுவும் மணிக்கல்தான். சுரங்கக்காரர்கள் அடுக்குகளை நிறத்தால் அழைத்தார்கள்: பச்சை, கறுப்பு, பழுப்பு, சாம்பல், மஞ்சள், சிவப்பு. பாஸ்பரஸ் அதிகம் என்பதால் நெடுங்காலம் எஃகுக்கு உதவவில்லை. பாஸ்பரஸை நீக்கும் தாமஸ் முறை 1879-இல் மிடில்ஸ்பரோவில், அதாவது கிளீவ்லாந்தின் வாசலில்தான், பெரிய உலையில் நிரூபிக்கப்பட்டது. அதன் பிறகு மினெட்டின் காலம். 1997-இல் ஓடுன்-ல-டீஷில் கடைசிச் சுரங்கம் மூடும்வரை சுமார் 300 கோடி டன் எடுத்தார்கள்.

மினெட்டிலும் இடையடுக்குகளிலும் சுண்ணம் நிறைய. பைரைட் அமிலம் தந்தாலும் சுண்ணம் உடனே அதைக் கொன்றுவிடும், இரும்பு உள்ளேயே படிந்துவிடும். ஆகவே நீர் தெளிவாக வரும். ஆனால் சல்பேட் கரைந்தே இருக்கும். வெள்ளம் ஏறிய சுரங்கங்களின் நீரில் சல்பேட் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 250 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டியது. பம்பு ஓடியவரை அந்த நீரையே குடித்த ஊர்கள் வேறு ஊற்று தேட வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாததால் இந்த மாசைக் குறைவாக எண்ணிவிடுகிறோம்.

சரிவுகள்: ஓபுவே 1996 அக்டோபர், முத்தியே 1997 மே, ரோங்கூர் 1999. மூன்றிலும் ஊருக்கு அடியில் விட்டுவைத்த தூண்கள்தான் நசுங்கின. தூக்குக்குண்டு சொன்னது இங்கே நடந்தேறியது. மேல்மூட்டம் 150 மீட்டர், எடுத்தது 50 சதவீதம் என்றால் தூணில் 7.5 மெகாபாஸ்கல். 60 சதவீதம் என்றால் 9.4. ஊறிய மினெட்டின் வலு குறைகிறது, சுமை அப்படியே இருக்கிறது.

சரிவு இரண்டு விதம். பெரும்பாலும் நிலம் நாட்கணக்கில் தட்டு போலத் தாழும். தட்டின் நடுவில் வீடுகள் ஓரளவு தப்பும், ஓரத்தில் இழுபட்டுப் பிளக்கும். மேலே தடித்த சுண்ணப்பாறைப் பலகை உத்திரம் போல நிற்கும் இடங்களில் வேறு கதை. பலகை சுமையைப் பிடித்துக்கொண்டே இருந்து ஒரே நொடியில் முறியும், தூண்கள் ஒருசேர வெடிக்கும். முதல் வகைக்கு முன்பே பாறையில் சிறு நடுக்கங்கள் வரும், துளைகளில் வைத்த ஜியோபோன்கள் அவற்றைக் கேட்கும். ஆழமில்லாத கூரைக்குழிக்கு அப்படிக் காவல் வைப்பது கடினம். அங்கே நிரப்புவது, இல்லையென்றால் குடிபெயர்ப்பதுதான் வழி.

1999 மார்ச் 30-ஆம் தேதிச் சட்டப்படி சேதத்துக்குச் சுரங்க உரிமையாளர் பொறுப்பு. அவர் மறைந்தாலோ நொடித்தாலோ அரசே உத்தரவாதம். இங்கிலாந்தின் இரும்புக்கல் பகுதிகளுக்கு இப்படியொரு சட்டம் இல்லாதது பெரிய அநீதி என்பேன்.

மண்கட்டி

இழையில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. இங்கிலாந்தின் இன்னொரு இரும்புக்கல் பகுதியான நார்தாம்ப்டன்ஷயர், அதிலுள்ள கோர்பி. அங்கே பெரும்பாலும் திறந்தவெளி வெட்டு. கீழே வெற்றிடம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். அகற்றிய மேல்மண்ணை டிராக்லைன் இயந்திரம் பின்னால் அள்ளிக் கொட்டிக்கொண்டே போனது, யாரும் இறுக்கவில்லை. 1951-இல் தனிச் சட்டமும் நிதியும் கொண்டுவந்து மேடுபள்ளத்தைச் சமன் செய்தார்கள். சமன் செய்தது மேற்பரப்பை மட்டும்.

தளர்ந்த நிரப்பில் நீர் முதல்முறை ஏறும்போது கட்டிகளுக்கிடையிலான இடைவெளி திடீரென்று இடியும். பம்பு நின்று நிலத்தடி நீர் திரும்பும்போதும், உடைந்த மழைநீர்க் குழாயாலும் இது நடக்கும். கோர்பியின் ஸ்னாட்சில் என்ற இடத்தில் 1970-களில் பிரிட்டிஷ் கட்டட ஆய்வு நிலையம் இத்தகைய நிரப்பில் வீடு கட்டும்முன் மூன்று முறைகளை ஒப்பிட்டது. எடையைத் தூக்கிப் போட்டு இடிப்பது, பள்ளங்களில் நீர் விடுவது, 9 மீட்டர் உயரத்துக்கு மண் குவித்து அழுத்திவிட்டுப் பிறகு அகற்றுவது. மண் குவித்ததுதான் சிறப்பாக வேலை செய்தது. மேலிருந்து நீர் விட்டது களிமண் நிரப்பில் சீராக இறங்கவில்லை.

மிக மோசமான மனை வெட்டின் கடைசிச் சுவர் புதைந்திருக்கும் இடம். வீட்டின் ஒரு பாதி வெட்டாத பாறையில், மறு பாதி பல மீட்டர் நிரப்பில். சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு: இந்த மண்ணில் ஆர்சனிக் இயல்பாகவே அதிகம். காய்கறித் தோட்டமுள்ள வீட்டுக்கான முதல்நிலை வரம்பு கிலோவுக்கு 37 மில்லிகிராம், இரும்புக்கல் மண் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் ஆர்சனிக் இரும்பு ஆக்சைடில் இறுகப் பிடிபட்டிருப்பதால் குடலில் கரைவது சிறு பங்கு. மொத்த அளவை மட்டும் பார்த்து மண்ணை அள்ளி லாரியில் ஏற்றச் சொன்னால், உடல் ஏற்கும் அளவுக்கான சோதனையைக் கேளுங்கள்.

அஞ்சறைப்பெட்டி

கிளீவ்லாந்துக்கே திரும்புகிறேன். தேடல் அறிக்கையில் "ஆழமற்ற சுரங்க வேலை இருந்திருக்கலாம்" என்று வந்தால் அடுத்த படி என்ன?

தூக்குக்குண்டு

முதலில் கைவிடல் வரைபடம். 1872-இன் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் அடுக்கு இரும்புக்கல்லையும் சேர்த்துக்கொண்டதால், அதற்குப் பின் மூடிய சுரங்கங்களுக்கு வரைபடம் ஒப்படைத்திருக்க வேண்டும். கவுண்டி ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள். அதற்கு முந்தைய சிறு சோதனைச் சுரங்கங்கள் வரைபடத்திலேயே இருக்காது. பல வரைபடங்கள் 1-க்கு 1,584 அளவில் வரைந்தவை. பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் 80 சென்டிமீட்டர். வடக்கு என்று போட்டிருப்பது காந்த வடக்கா, எந்த ஆண்டின் காந்த வடக்கு என்று பாருங்கள். 5 டிகிரி பிசகினால் ஷாஃப்டிலிருந்து 500 மீட்டரில் 44 மீட்டர் தள்ளிப்போகும். பக்கத்து வீட்டின் தூணை உங்கள் தூண் என்று நினைப்பீர்கள்.

பிறகு துளை. இரும்புக்கல் தனியார் சொத்து, கனிம உரிமையாளரின் அனுமதி வாங்கித்தான் துளையிட வேண்டும். அடுக்கின் அடியைத் தாண்டி இன்னும் சில மீட்டர் போக வேண்டும். அடுக்கைத் தொட்டதும் நிறுத்தினால் தூணில் குத்தினீர்களா, இடிபாட்டில் குத்தினீர்களா என்று தெரியாது. குறிக்க வேண்டியவை: ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஆன நேரம், கழுவுநீர் (துளைத்தூளை மேலே கொண்டுவர விடும் நீர்) எங்கே திரும்பி வராமல் போனது, கம்பி தடையின்றி எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது. வெற்றிடத்தில் கம்பி விழும். நொறுங்கிய பாறையில் விழாது, நீர் மட்டும் மறையும். இரண்டாவது நிலைதான் அடிக்கடி வரும், அதை "வெற்றிடம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

வீடுகளுக்கு அருகில் காற்றழுத்தத்தால் கழுவும் துளையிடல் வேண்டாம், நீரால் கழுவட்டும். மூடிய சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடிய காற்று தேங்கியிருக்கும். மேலிருந்து அழுத்தினால் அது பக்கத்து வீட்டுத் தரைப் பிளவு வழியே ஏறும். புயலுக்கு முன் காற்றழுத்தம் வேகமாக இறங்கும் நாட்களில் தானாகவும் ஏறும், அந்த நாட்களில் அடித்தள அறைகளில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள்.

வெற்றிடம் உறுதியானால் நிரப்புதல். முதலில் மனையின் சுற்றெல்லையில் பொடிச் சரளை இறக்கித் தடுப்பு, இல்லையென்றால் கலவை ஊர் முழுக்க ஓடும். பிறகு 3 மீட்டர் இடைவெளியில் துளைகள், பறக்கும் சாம்பல் (அனல்மின் நிலையச் சாம்பல்) பத்துப் பங்குக்கு சிமெண்ட் ஒரு பங்கு என்ற வகைக் கலவை. அது இறுகியபின் இடையில் துளையிட்டு, கலவை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றால் இன்னும் வெற்றிடம் இருக்கிறது. நிரப்பும்முன் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று நீரோட்டம் போன்றவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வழியை அடைத்தால் சுரங்க நீர் வேறொருவர் தோட்டத்தில் கிளம்பும்.

நீரோட்டம்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆய்வுத் துளையை அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட்டும் (நீரில் உப்பும் களிமண்) சிமெண்டும் கலந்து குழாய் வழியே கீழிருந்து நிரப்பி மூடச் சொல்லுங்கள். மேலிருந்து மண்ணைத் தள்ளினால் நடுவில் சிக்கி, கீழே வெறும் துளை நிற்கும். சுரங்க நீரும் கெட்ட காற்றும் ஏற அது போதும். மூடியதற்கான பதிவில் எத்தனை லிட்டர் கலவை இறங்கியது என்ற எண் இருக்க வேண்டும். துளையின் கொள்ளளவைவிட அது குறைவாக இருந்தால் மூடவில்லை என்று பொருள்.